கூப்பிட்டால் மற்றப் பக்கம் ஓடும் ஜிம்மி

கேள்வி:

வணக்கம் டொக்டர். எங்கள் வீடு கிளிநொச்சியில், இரணைமடுப் பக்கம். போன வருடம் என் தம்பி கொழும்பிலிருந்து வரும்போது பிள்ளைகளுக்கென்று ஒரு பொமேரியன் குட்டி கொண்டுவந்து தந்தான். கடுவன். பெயர் ஜிம்மி. இப்போது 14 மாதம். வீட்டில் மாமி, நான், 13 வயது மகள், 9 வயது மகன். கணவர் வெளிநாட்டில்.

ஜிம்மி சொல்வழி கேட்பதே இல்லை. "வா" என்றால் நின்று பார்த்துவிட்டு மற்றப் பக்கம் ஓடும். வேலிக்குக் கீழால் நுழைந்து பக்கத்து வெறும் காணிக்குள் போய்விடும். மகன்தான் பின்னால் ஓடிப் பிடித்துவந்து சங்கிலியில் கட்டுவான். விறாந்தைக் கதிரையில் ஏறிப் படுத்தால் இறக்க முடியாது, உறுமும். போன கிழமை இறக்கப் போன மகனின் கையில் பல் பட்டுவிட்டது. படலையடியில் யார் வந்தாலும் ஓயாத குரைப்பு. கதிரைக் காலிலும் கதவு நிலையிலும் சலம் அடிக்கிறது. அடித்தும் பார்த்தாயிற்று. மாமி காலம் முழுக்க ஊர் நாய் வளர்த்தவ. "இது பிடிவாதம் பிடிச்ச சாதி, பகல் முழுக்கக் கட்டிப் போட்டால்தான் சரிவரும்" என்கிறா. இந்த வயதில் இனிப் பழக்க ஏலுமா? கட்டிப் போடுவதுதான் வழியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஜிம்மியைப் பற்றிப் பேசுவதற்கு முதல் மகனின் கை. பல் பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தோலில் கீறல் விழுந்ததா என்று எழுதவில்லை. சின்னக் கீறல்தான் என்றாலும், ஒரு கிழமை கடந்துவிட்டது என்றாலும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். பிள்ளைக்கு ஊசி வேண்டுமா இல்லையா என்பதை அங்குள்ள வைத்தியர் சொல்லட்டும். ஜிம்மியின் தடுப்பூசி அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இனி எப்போதாவது பல்லோ நகமோ பட்டால், உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. விசர்நாய்க்கடி நோய் உடம்பில் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வெளிப்படுவதற்கு முன் ஊசியால் தடுத்துவிடலாம்.

இரண்டாவது, அந்த வெறும் காணி. உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரி, மகன் ஜிம்மிக்குப் பின்னால் அதற்குள் ஓடுகிறான் என்பதுதான். வன்னியில் பற்றை வளர்ந்து கிடக்கும் காணி என்றால் நாகமும் புடையனும் இருக்கும். பாழ்கிணறு இருக்கும். சில இடங்களில் மிதிவெடியும் வெடிக்காத குண்டுகளும் இன்னும் முழுதாக அகற்றி முடியவில்லை. உங்கள் பக்கம் துப்புரவாக்கிக் கொடுத்த இடமாகவே இருக்கலாம். ஆனாலும் "நாய் எங்கே போனாலும் நீ வேலியைத் தாண்டக்கூடாது" என்பது வீட்டில் மாறாத சட்டமாக இருக்கட்டும். தெரியாத பொருள் எதையும் தொடக்கூடாது, மண்டையோட்டுப் படம் போட்ட பலகையைக் கண்டால் திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். நாயைத் துரத்தும் அவசரத்தில் பிள்ளைகளுக்கு அது மறந்துபோகும். ஆகையால் இந்தக் கிழமையே வேலியின் கீழ்ப்பக்கத்தை அடைத்துவிடுங்கள். ஒன்றரை அடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, அடியை மண்ணுக்குள் ஒரு சாண் புதைத்தால் போதும். 3 கிலோ நாய்க்கு அதைவிடப் பெரிய மதில் தேவையில்லை.

இனி ஜிம்மி. 14 மாதம் என்பது நாய்க்கு இளவட்ட வயது. பழக்கலாம், நன்றாகவே பழக்கலாம். ஆனால் பழக்கம் மாறவேண்டியவர்களில் முதல் ஆள் ஜிம்மி இல்லை. வீட்டில் உள்ள நான்கு பேரும் அதற்கு முன்னால் மாறவேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சின்ன நாய் வளர்க்கும் அநேகமான வீடுகளில் இதே கதைதான்.

ஏனென்றால் நாய் சின்னதாக இருக்கும்போது எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறோம். பெரிய ஊர் நாயொன்று பிள்ளையைப் பார்த்து உறுமினால் அன்றைக்கே வீடு முழுக்கக் கூடி என்ன செய்வது என்று யோசிக்கும். கைக்குள் அடங்கும் பொமேரியன் உறுமினால் சிரிப்போம், கைத்தொலைபேசியில் படம் எடுப்போம், தூக்கி மடியில் வைப்போம். ஒரு வருடம் கழித்து அதே உறுமல் பல்லாக மாறும்போது, நாய் திடீரென்று கெட்டுப்போன மாதிரித் தெரியும்.

சாதியின் பங்கும் கொஞ்சம் உண்டு, மாமி சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. பொமேரியனின் மூதாதையர் வடக்குப் பனி நாடுகளில் வண்டி இழுத்த நாய்களின் வழி வந்தவை. போலந்தின் வடக்கிலும் ஜேர்மனியின் வடகிழக்கிலும் பால்டிக் கடலோரம் கிடக்கும் பொமேரேனியாவின் பெயர்தான் இதற்கு. அந்தக் காலத்தில் இவை இன்றைக்குப் பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரியவை. இங்கிலாந்து மகாராணி விக்டோரியா 1888இல் இத்தாலிக்குப் போனபோது சின்ன உருவத்துப் பொமேரியன் ஒன்றை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். அதன்பிறகுதான் சின்ன நாய்க்கு மவுசு ஏறியது. உடம்புதான் இரண்டு, மூன்று கிலோவுக்கு இறங்கியது. சத்தம் கேட்டால் அறிவிக்கும் குணம், தானே யோசித்து முடிவெடுக்கும் குணம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மிகவும் கெட்டிக்கார நாய். எது தனக்கு லாபம் என்று இரண்டு தரம் பார்த்தாலே பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான்.

"வா" என்று கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஜிம்மி ஒரு வருடத்துக்கு மேலாகக் கவனித்து வைத்திருக்கிறது. மகன் கூப்பிடும்போது அடுத்த முறை நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜிம்மி முதலில் இரண்டு அடி வரும். காது பின்னால் மடியும், முதுகில் சுருண்டு கிடக்கும் வால் இறங்கும். கைக்கு எட்டாத தூரத்தில், சரியாக அந்தத் தூரத்தில், நின்றுவிடும். பார்வை மகனின் முகத்தில் இருக்காது. கையில் இருக்கும், கை சங்கிலியைத் தேடுகிறதா என்று. மகன் ஒரு எட்டு முன்னால் வைத்தால் அது இரண்டு எட்டுப் பின்னால் போகும். இப்படி நிற்கும் நாயைத்தான் பிடிவாதம் என்கிறோம். அது நிற்பதற்குக் காரணம், வந்த ஒவ்வொரு தடவையும் சங்கிலி, குளிப்பு, அல்லது முதுகில் ஓர் அடி கிடைத்ததுதான். ஓடிய ஒவ்வொரு தடவையும் பின்னால் ஒரு பிள்ளை துரத்த, வளவு முழுக்க ஒரு நல்ல விளையாட்டு கிடைத்தது. நீங்களும் நானும் ஜிம்மியின் இடத்தில் இருந்தால் ஓடுவோம்.

அதனால் முதலில் பழக்க வேண்டியது கூப்பிட்டால் வருவது. கைகொடுப்பது, எழுந்து நிற்பது எல்லாம் பிறகு பார்க்கலாம், பழக்காவிட்டாலும் குறையில்லை. புடையன் கிடக்கும் பற்றையிலிருந்தும், ஏ9 வீதியில் வரும் வாகனத்திலிருந்தும் ஜிம்மியைக் காப்பாற்றப் போவது இந்த ஒரு பழக்கம்தான்.

"வா" என்ற பழைய சொல்லை விட்டுவிடுங்கள். அதை ஆயிரம் தடவை கேட்டு அலட்சியம் செய்து பழகிவிட்டது. புதிதாக ஒரு சொல், "ஓடியா" என்று வைத்துக்கொள்வோம். மாமியும் அதையே சொல்ல வேண்டும், மகளும் அதையே சொல்ல வேண்டும். இப்போது உங்கள் வீட்டில் ஒருவர் "கம்" என்பார், ஒருவர் "இஞ்ச வா" என்பார், ஒருவர் சூ கொட்டுவார் என்று நினைக்கிறேன். ஒரு தாளில் "ஓடியா", "இறங்கு", "சாக்கு" என்று மூன்று சொற்களை மட்டும் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். சாக்கு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அந்தத் தாளுக்கு மகளைப் பொறுப்பாக வையுங்கள். 13 வயதுப் பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட ஒழுங்காக இருப்பார்கள்.

முதல் கிழமை முழுக்க வீட்டுக்குள். ஜிம்மியின் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், வயிறு காலியாக இருக்கும்போது, ஒரு முட்டையை அவித்துப் பயறு அளவு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஜிம்மிக்கு முன்னால் ஒரு யார் தூரத்தில் குந்தி இருங்கள். நிமிர்ந்து நின்று கூப்பிட்டால் நீங்கள் அதற்கு மலை உயரம். "ஜிம்மி, ஓடியா" என்று ஒரே ஒரு தடவை, சந்தோசமான குரலில். வந்து சேர்ந்த அந்த நொடியே ஒரு துண்டு. துண்டைத் தேடி டப்பாவைத் திறந்து எடுப்பதற்குள் அது வேறெதையோ பார்த்துவிட்டால், வேறெதையோ பார்த்ததற்குத்தான் முட்டை கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஆகையால் துண்டு முன்கூட்டியே உள்ளங்கையில் இருக்க வேண்டும். கொடுக்கும்போது மற்றக் கையால் அதன் நெஞ்சுப்பட்டியை மெல்லத் தொட்டுக்கொண்டே கொடுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். திரும்பவும் போய் விளையாடட்டும். பிடித்தார்கள், தந்தார்கள், விட்டார்கள். இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கைப்பயத்தை எடுக்கும். கடைசி விடுதலையை மறந்தால் முழு வேலையும் வீணாகும்.

ஒரு நேரத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று தரம் செய்தால் தாராளம். அது களைத்து முகத்தைத் திருப்பும் வரை நீட்ட வேண்டாம். இன்னும் ஒரு துண்டு கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது கிழமை முற்றத்துக்கு வாருங்கள். ஐந்து, ஆறு மீற்றர் நீளத்தில் பாரமில்லாத நைலோன் கயிறு ஒன்று வாங்கி நெஞ்சுப்பட்டியில் கட்டுங்கள். கழுத்துப்பட்டியில் கட்ட வேண்டாம். பொமேரியனின் மூச்சுக்குழாய் மெல்லியது, கழுத்தில் இழுபட்டால் நெரிந்து கரகரத்த வறட்டு இருமல் பிடித்துக்கொள்ளும். பிறகு அது வாழ்நாள் தொல்லை. கயிறு நிலத்தில் இழுபட்டுக்கொண்டு கிடக்கட்டும், நீங்கள் இழுக்க வேண்டாம். கூப்பிட்டு வரவில்லை என்றால் திரும்பத் திரும்பக் கத்தாமல் கயிற்றின் முனையில் காலை வைத்து நில்லுங்கள். அல்லது நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி ஓடத் தொடங்குங்கள். துரத்துவது நாய்க்குப் பிடிக்கும், தானாகப் பின்னால் வரும். எக்காரணம் கொண்டும் நீங்கள் அதைத் துரத்த வேண்டாம். பயிற்சி முடிந்ததும் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். கிணற்றடியில், வேலிக் கதியாலில் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

பிறகு ஆடு மாடு போகும் நேரம், மீன்காரர் வரும் நேரம் என்று கஷ்டமான நேரங்களில் செய்து பாருங்கள். கஷ்டமான நேரத்தில் வந்தால் இரண்டு துண்டு. நன்றாகப் பழகிய பிறகும் முட்டையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். சில தடவை முட்டை, சில தடவை தடவிக்கொடுப்பு என்று கலந்து கொடுங்கள். எது கிடைக்கும் என்று தெரியாமல் இருந்தால் இன்னும் வேகமாக வரும். சங்கிலியில் கட்டவோ குளிப்பாட்டவோ வேண்டியிருந்தால் "ஓடியா" என்று சொல்லாதீர்கள். நீங்களே நடந்துபோய்த் தூக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் கெட்டது எதுவும் வரவே கூடாது.

முட்டை அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 3 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். ஒரு முழு முட்டை கிட்டத்தட்ட 70 கலோரி. ஆகவே பயிற்சிக்கு ஒரு நாளில் அரை முட்டைக்கு மேல் வேண்டாம், அன்றைக்குச் சோற்றையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அவித்த கோழி, முள் எடுத்த அவித்த மீன் எல்லாம் நல்லது. கருவாடு உப்பு, வேண்டாம். மாமியிடம் ஒரு விடயம் சொல்லுங்கள்: நம் குசினியில் எல்லாவற்றிலும் வெங்காயம் இருக்கிறது, சம்பலில், சொதியில், கறியில். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஊர் நாய் 20 கிலோ. அது தின்று தாங்கிய அளவை 3 கிலோ நாய் தாங்காது. சொக்லேட்டும் முந்திரிகைப் பழமும் (திராட்சை) கூடாது. மிச்சக் கறிச் சோறு போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தி, ஜிம்மிக்கென்று வெறும் சோறும் அவித்த மீனும் தனியாக எடுத்து வையுங்கள்.

கதிரை விடயத்துக்கு வருகிறேன். உறுமல் ஓர் அறிவிப்பு. "இதற்கு மேல் கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதை நாய் வேறு எப்படிச் சொல்லும்? உறுமியதற்கு அடித்தால் பயம் போகாது, உறுமல்தான் போகும். அடுத்த தடவை அறிவிப்பில்லாமல் கடிக்கும். அப்படி முன்னறிவிப்பில்லாமல் கடிக்கப் பழகிய நாயைத் திருத்துவது மிகக் கஷ்டம். ஆகவே இன்றிலிருந்து யாரும் ஜிம்மியைக் கதிரையிலிருந்து கையால் தூக்கி இறக்க வேண்டாம், மகன் கட்டாயம் வேண்டாம். "இறங்கு" என்று சொல்லிவிட்டு ஒரு முட்டைத் துண்டைத் தரையில் போடுங்கள். அது குதித்து இறங்கித் தின்னும். உடனே "நல்ல பிள்ளை" என்று சொல்லுங்கள். இப்படிப் பல நாள் செய்தபின், கையில் ஒன்றும் இல்லாமல் துண்டு போடுவதுபோலக் கையை மட்டும் காட்டுங்கள். இறங்கியதும் துண்டைக் கொடுங்கள். சொல்லுக்கே இறங்கத் தொடங்கும். ஆட்கள் இல்லாத நேரத்தில் கதிரையைக் கவிழ்த்து வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஆனால் அதற்கு முன் அதன் கால்களை ஒரு கால்நடை வைத்தியர் பிடித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சாதியில் பின்னங்கால் முழங்காற் சில்லு இடம் விலகுவது சாதாரணம். நடக்கும்போது திடீரென்று ஒரு காலைத் தூக்கி இரண்டு மூன்று எட்டு நொண்டிவிட்டு மறுபடி ஒழுங்காக நடந்தால் அதுதான் அறிகுறி. அப்படி நோவுள்ள நாயைத் தூக்கினால் உறுமத்தான் செய்யும். காதில் புண், பல்லில் ஊத்தை, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் நாயின் குணத்தை மாற்றும். உண்ணிக் காய்ச்சல் இங்கே எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். நாய் சோர்ந்து கிடந்தால், முரசு வெளிறியிருந்தால், சலம் கடும் நிறமாகப் போனால் பழக்கும் வேலையை விட்டுவிட்டு முதலில் வைத்தியரிடம் ஓடுங்கள்.

குரைப்பை ஜிம்மியின் பக்கம் நின்று பாருங்கள். மீன்காரரின் மோட்டார் சைக்கிள் கோர்ன் அடித்துக்கொண்டு வருகிறது. ஜிம்மி குரைக்கிறது. நீங்கள் மீன் வாங்கியதும் அவர் போய்விடுகிறார். அவர் தன் வேலை முடிந்து போனார் என்பது ஜிம்மிக்குத் தெரியாது. தான் குரைத்துத் துரத்திவிட்டதாகத்தான் நினைக்கும். தபால்காரர், கடன் வசூலிக்க வருபவர், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் வந்து வந்து போகிறார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை அதற்கு வெற்றி. உள்ளிருந்து நீங்கள் "ஏய், சத்தம் போடாதே" என்று கத்துவது நீங்களும் கூடக் குரைப்பதாகத்தான் அதற்குக் கேட்கும்.

படலையின் கீழ்ப்பாதியைக் கிடுகாலோ தகரத்தாலோ மறைத்துவிடுங்கள். காணாததற்குக் குரைப்பது குறையும். பிறகு விறாந்தையில், படலையிலிருந்து தள்ளி, ஒரு பழைய சாக்கை மடித்துப் போடுங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் "சாக்கு" என்று சொல்லி அதன்மேல் ஒரு துண்டைப் போடுங்கள். போய்த் தின்னட்டும். அங்கேயே நின்றால் இன்னொரு துண்டு, படுத்தால் இன்னொன்று. சாக்கில் படுத்தால் மேலிருந்து முட்டை விழும் என்று விளங்கிய பிறகு, மகளை வெளியே அனுப்பிப் படலையைத் தட்டச் சொல்லுங்கள். தட்டும் சத்தம் கேட்டதும், குரைக்க வாயெடுப்பதற்குள், "சாக்கு". முதல் சில நாள் குழப்பமாகத்தான் இருக்கும். குரைப்பு குறைவதற்கு முன்னால் கொஞ்ச நாள் கூடும், ஏனென்றால் இதுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று பலமாக முயன்று பார்க்கும். அந்த நாட்களில் மனம் தளர்ந்து ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், பலமாகக் குரைத்தால்தான் பலிக்கும் என்று கற்றுக்கொண்டுவிடும். இரவில் இரண்டு மூன்று தரம் குரைத்து அறிவிப்பதைத் தடுக்க வேண்டாம். பாம்போ பன்றியோ வளவுக்குள் வந்ததை முதலில் அறிவது அதுதான். எழுந்து பார்த்து, "சரி" என்று சொல்லிச் சாக்குக்கு அனுப்புங்கள்.

சலப் பிரச்சினையில் இரண்டு விடயம் கலந்திருக்கலாம். கதிரைக் காலிலும் கதவு நிலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது வளர்ந்த கடுவன் தன் இடத்தை அடையாளம் வைப்பது. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் எண்ணம் இல்லை என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். எல்லா நாயிலும் நிற்கும் என்று சொல்ல முடியாது, பல நாய்களில் நன்றாகக் குறையும். தரையில் குளமாகவும் போகிறது என்றால், அது வெளியே போகப் பழகாதது. எழும்பியதும், தின்றதும், விளையாடி முடிந்ததும் வளவின் ஒரே மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசாமல் நில்லுங்கள். போய் முடிந்ததும் அந்த இடத்திலேயே துண்டு. மூக்கைச் சலத்தில் தேய்ப்பதால் அது கற்பது ஒன்றுதான்: உங்களுக்கு முன்னால் போகக்கூடாது, அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து போகவேண்டும். ஈரமான இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள். வாசனைத் திரவம் ஊற்றினால் நமக்குத்தான் மணம் மறையும். நாய்க்குப் பழைய மணம் அப்படியே இருக்கும், அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

மாமி சொல்லும் சங்கிலிக்கு வருவோம். மாமி வளர்த்த நாய்கள் வளவில் பிறந்து, இரவில் அவிழ்த்துவிட்டுத் திரிந்து, மற்ற நாய்களிடமிருந்து ஒழுங்கைக் கற்றவை. பகலில் கட்டினாலும் இரவெல்லாம் அவற்றுக்கு வேலை இருந்தது. மாட்டைக் காத்தன, வயலில் பன்றி கலைத்தன. மாமியின் அனுபவம் அந்த நாய்க்குச் சரியானது. ஜிம்மி மனிதரின் பக்கத்தில் கிடப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட சாதி. அதை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால், ஆட்களைப் பார்க்கும், போக முடியாது, இழுக்கும், குரைக்கும். கொஞ்ச நாளில் கிட்டப் போகிறவரைக் கடிக்கும். இன்னொன்று, வெயில். இரட்டை அடுக்கு மயிர் உள்ள பனிநாட்டு நாயை வைகாசி, ஆனி வெயிலில் முற்றத்தில் கட்டுவது உயிருக்கே ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். நாக்கு கடும் சிவப்பாகி, வாயிலிருந்து தடித்த எச்சில் வடிந்து, தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறி போட்டு, வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வெக்கை என்று மயிரை ஒட்ட வெட்டியும் விடாதீர்கள். இந்தச் சாதியில் வெட்டிய மயிர் சிலவேளை திரும்ப ஒழுங்காக முளைக்காது, வெயிலும் நேரே தோலில் படும். சீவி, சிக்கு எடுத்து, உள்மயிரைக் குறைத்தால் காற்றுப் போகும். நடத்திக்கொண்டு போவது விடியப்புறமும் பொழுதுபட்ட பின்பும். தாரில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

மாமியை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், அது முக்கியம். காலைச் சாப்பாட்டை மாமி கையால் கொடுக்கட்டும். கொடுப்பதற்கு முன் "சாக்கு" என்று சொல்லி, ஜிம்மி போய் அதன்மேல் இருந்ததும் கோப்பையை வைக்கட்டும். நாள் முழுக்க வீட்டில் இருப்பவ அவதான். அவவின் சொல்லுக்கு ஜிம்மி போய் இருக்கிறது என்று கண்ட பிறகு, சங்கிலிப் பேச்சு அவவாகவே எடுக்கமாட்டா என்று நம்புகிறேன்.

மகனிடம் ஜிம்மியை அடிக்க வேண்டாம் என்று சொல்லும்போது கண்டிப்பாகச் சொல்லாமல் ஒரு வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஒளித்து விளையாடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது: அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு தடவை "ஜிம்மி, ஓடியா" என்று கூப்பிட வேண்டும். தேடி வந்து கண்டுபிடித்தால் முட்டைத் துண்டு. நீங்கள் அப்போது பக்கத்தில் இருங்கள். இதுவரை தன்னைத் துரத்திய பிள்ளையை ஜிம்மி தேடிக்கொண்டு வரத் தொடங்கும். பிள்ளையும் நாயும் மறுபடி சிநேகமாவதற்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. ஆனால் ஜிம்மி தின்னும்போதும் நித்திரை கொள்ளும்போதும் அவன் கிட்டப் போகக்கூடாது.

எத்தனை நாளில் சரிவரும் என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் கூப்பிட்டால் வருவது ஓரிரு கிழமையில் தெரியும். முற்றத்தில், மாடு போகும்போது, மீன்காரர் நிற்கும்போது வருவதற்கு மாதக்கணக்கு வேண்டும். அதுவரை படலையைத் திறக்கும்போது ஜிம்மி கயிற்றில் இருக்கட்டும். நான்கு பேரும் ஒரே மாதிரி நடந்தும் இரண்டு மாதத்தில் உறுமல் குறையவில்லை என்றால், அல்லது இன்னொரு தடவை கடித்தால், கடிதத்தில் தீர்க்கும் விடயமல்ல, ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

இந்தக் கிழமைக்குள் கிளிநொச்சியில் உள்ள கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் கடந்திருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள், கருத்தடை பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். போகிற அன்று காலையில் முதல் போகும் சலத்தைச் சுத்தமான சின்னப் போத்தல் ஒன்றில் பிடித்துக்கொண்டு போங்கள். கடுவன் காலைத் தூக்கும்போது பழைய சோற்றகப்பையை நீட்டினால் பிடித்துவிடலாம். சலத்தில் கிருமியோ கல்லோ இருந்தால் மேலே நான் சொன்ன பயிற்சி எதுவும் அந்தக் கதிரைக் காலைக் காப்பாற்றாது, மருந்துதான் காப்பாற்றும். பைக்குள் நறுக்கிய முட்டையும் இருக்கட்டும். வைத்தியர் தொடுவதற்கு முன் ஒரு துண்டு, தொட்ட பிறகு ஒரு துண்டு என்று நீங்கள் கொடுங்கள். ஜிம்மியின் வாயில் கை வைத்துப் பல் பார்க்க அவருக்கு இலகுவாக இருக்கும்.